பந்துதான் சும்மா கிடக்கிறது

கோல்ஃப் ஆட்டக்காரர் டைகர் உட்ஸைக் கிண்டல் செய்யும் அந்த ரீலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காமலா எனக்கு இத்தனை பேர் டேக் செய்தீர்கள்? வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட டவுசர், கையில் ஒரு தென்னைமட்டை. குனிந்து பந்தை வைக்கிறார். "அய்யோ அம்மா" என்று இடுப்பைப் பிடிக்கிறார். நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வருகிறார்கள், பின்னணியில் ஒப்பாரி. "டைகர் உட்ஸுக்கு மறுபடியும் ஆபரேஷனாம், நின்ன இடத்துல நிக்கிற பந்தை அடிக்கிறதுக்கு!" என்று கீழே எழுத்து ஓடுகிறது.

முதல் தடவை சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், தென்னைமட்டை நல்ல ஐடியா. சிரித்துவிட்டுப் பேசாமல் போனைக் கீழே வைத்திருக்கலாம். கமெண்டுக்குள் போனதுதான் தப்பு. "இதெல்லாம் ஒரு விளையாட்டா", "எங்க பாட்டி கோலம் போடறப்ப இதைவிட அதிகமா குனியும்", "பந்தும் ஓடல, ஆளும் ஓடல, அப்புறம் என்னடா காயம்?" மரியாதையாக நாலு வரி எழுதினேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: "பணக்காரன் வாக்கிங் போறதுக்கு வக்காலத்து வாங்க அங்கிள் வந்துட்டார்." அதற்கு எத்தனை சிரிப்பு எமோஜி என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது.

சரி. அங்கிளே பேசுகிறேன், கேளுங்கள்.

பந்து சும்மா கிடக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 46 கிராம்கூட இல்லாத பந்து, புல்லில் தேமே என்று கிடக்கிறது. அதனால்தான் உடம்புக்கு வேலை அதிகம். கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை மட்டையைக் காட்டித் திருப்பிவிட்டால் போதும், வேகம் பந்திலேயே இருக்கிறது. இங்கே பந்தில் ஒன்றும் கிடையாது. அத்தனை வேகத்தையும் ஆள்தான் தன் உடம்பிலிருந்து கறந்து கொடுக்க வேண்டும். மேலே போன மட்டை கீழே வந்து பந்தைத் தொடக் கால் நொடிதான் ஆகிறது. அதற்குள் மட்டையின் தலை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறது, நான் சொல்வது தொழில்முறை ஆட்டக்காரர்களை. ஓட்டம் கிடையாது, ரன்னப் கிடையாது. நின்ற இடத்தில், இடுப்பைப் பூட்டி, தோளை மட்டும் பின்னால் முறுக்கி, முறுக்கியதைப் பட்டென்று அவிழ்க்க வேண்டும்.

அந்த முறுக்கு முழுக்க எங்கே போய் விழுகிறது? கீழ்முதுகில். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு குனியவும் நிமிரவும் ஏற்றது. திரும்புவதற்குப் பெரிதாக லாயக்கில்லை, எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு டிகிரி திரும்பினால் அதிகம். அதைத்தான் போட்டு முறுக்குகிறார்கள். ஒரு ஸ்விங்கில் அந்த எலும்புகளுக்கு நடுவில் உடல் எடையைப் போல எட்டு மடங்கு அழுத்தம் விழும் என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். 75 கிலோ ஆள் என்றால் 600 கிலோ. அதுவும் எப்போதும் ஒரே பக்கம். ஒரு நாளைக்குச் சில நூறு தடவை, ஐந்து வயதிலிருந்து. ஈரத்துணியை ஒரே பக்கமாக நாற்பது வருடம் பிழிந்துகொண்டே இருந்தால் துணியே கிழிந்துவிடும்.

பந்து சும்மா கிடக்கிறது. உடம்பு சும்மா இல்லை. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

"டைகருக்குக் கார் விபத்துதானே சார், அதுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்?" இதைக் கேட்டவர் கூகுளில் தேடிவிட்டுக் கேட்டிருக்கிறார், பாராட்டுகள். இன்னும் ரெண்டு வரி கீழே போயிருக்கலாம். விபத்து நடந்தது 2021 பிப்ரவரி. அதில் நொறுங்கியது வலது கால். முதுகில் முதல் ஆபரேஷன் 2014-இல். 2015-இல் ரெண்டு. 2017-இல், எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்குகளில் கடைசியை எடுத்துவிட்டு எலும்பையும் எலும்பையும் ஒட்டவைத்தார்கள். அப்புறம் விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஐந்தாவது. ஐந்து ஆபரேஷனும் காரில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. எலும்பை ஒட்டிய அந்த முதுகோடுதான் 2019-இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை ஜெயித்தார். பிறகு 2025 அக்டோபரில் மாற்றியது ஒட்டியதற்கு நேர் மேலே இருக்கிற டிஸ்க். கீழே அசைய முடியாவிட்டால் மேலே இருப்பதன் தலையில்தான் வேலை விழும். அலுவலகத்தில் ஒருவன் லீவு போட்டால் பக்கத்து சீட்டுக்காரனுக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

2008 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிவை எழுத முடியாது. சான் டியேகோ, டோரி பைன்ஸ் மைதானம். இடது முழங்காலில் தசைநார் அறுந்திருந்தது, அதே காலின் எலும்பில் ரெண்டு விரிசல். வலதுகை ஆட்டக்காரர் பந்தை அடித்து முடிக்கும்போது மொத்த உடம்பும் போய் உட்காருவது அந்த இடது காலில்தான். ஒவ்வொரு அடிக்கும் மனிதர் முகம் சுருங்குவதை டிவியிலேயே பார்க்கலாம். ஒரு நாளைக்கு 18 குழி, நாலு நாளில் 72 குழி முடிந்தும் சமன். மறுநாள் இன்னொரு 18. அதுவும் சமன். அப்புறம் ஒன்று. மொத்தம் 91 குழி. ஜெயித்து எட்டாவது நாள் ஆபரேஷன் டேபிளில் படுத்தார். எங்கே, இதுக்கு ஒரு ரீல் போடுங்க பாப்போம்.

பும்ராவுக்கு முதுகு போனபோது ஊரே அழுதது. 2022 டி20 உலகக் கோப்பைக்கு அவர் இல்லை என்றதும் என் டைம்லைனில் எழவு வீடு மாதிரி இருந்தது. நானும்தான் அழுதேன். அவர் முதுகு போனதற்கும் இவர் முதுகு போனதற்கும் அடிப்படை ஒன்றுதான், கீழ்முதுகை ஓயாமல் முறுக்குவது. ஒருவருக்குக் கண்ணீர், இன்னொருவருக்குத் தென்னைமட்டை.

அடுத்து, "வண்டியில உக்காந்து போறானுங்களே." பெரிய போட்டிகளில் வண்டி கிடையாது, நடந்தே ஆக வேண்டும். மேடும் பள்ளமுமாக ஒரு நாளைக்கு எட்டுப் பத்துக் கிலோமீட்டர், நாலு நாள். கால் ரத்தநாளத்தில் பிறவிக் கோளாறு இருந்த கேசி மார்ட்டின் என்ற ஆட்டக்காரர் வண்டி கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2001-இல் 7 நீதிபதிகள் அவர் பக்கம், 2 பேர் எதிர்ப்பக்கம் என்று ஜெயித்தார். அந்த வழக்கை எடுத்து என் மேலேயே வீசுவீர்கள் என்று தெரியும். 18 குழி நடந்தால் 500 கலோரிதான் செலவாகும், ஒரு பர்கருக்குக்கூடக் காணாது என்று அதே வழக்கில் ஒரு பேராசிரியர் சாட்சி சொன்னார். சொன்னார்தான். நான் நடையைப் பற்றியா இவ்வளவு நேரம் பேசினேன்? முறுக்கைப் பற்றிப் பேசினேன். அதே வழக்கில் எதிர்ப்பக்கம் சாட்சி சொன்னவர் கென் வெஞ்சுரி. 1964 யு.எஸ். ஓப்பனில், கொளுத்துகிற வெயிலில் ஒரே நாளில் 36 குழி. நடுவில் சுருண்டுவிட்டார். இதுக்கு மேல ஆடாதே என்று டாக்டரே சொன்னார். கேட்கவில்லை. உப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டாக்டரையும் கூடவே நடக்கவைத்து, ஆடி ஜெயித்தார். அடுத்த வருடமே கடைசி நாள் 36 குழி என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். அவரிடம் போய் பர்கர் கணக்குச் சொல்லுங்கள்.

கோல்ஃப் சாம்பியன் ஸ்காட்டி ஷெஃப்ளர் கிறிஸ்துமஸுக்குச் சமைக்கும்போது கிளாஸ் உடைந்து கையைக் கிழித்துக்கொண்டாரே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆமாம் தம்பி, கிழித்துக்கொண்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்ததுக்குப் போகலாம்.

கோல்ஃப் மைதானத்துக்கு ஊற்றும் தண்ணீரைப் பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அது வேற பஞ்சாயத்து, அதை இங்கே இழுக்காதீர்கள்.

இனி என் கதை. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

2016-இல் என் இடது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் ஒரு எலும்பு உடைந்தது. விழவில்லை, யாரும் அடிக்கவுமில்லை. புல்லுக்கு அடியில் கற்பூர மரத்து வேர் இருந்தது எனக்குத் தெரியாது. மட்டை வேரில் மோதி நின்றது, மட்டைப் பிடியின் முனை உள்ளங்கையில் இறங்கியது. அந்த இடத்தில் கொக்கி மாதிரி ஒரு குட்டி எலும்பு உண்டு, கோல்ஃப்காரர்களுக்குப் போவது அதுதான். சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியவே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. வெறும் சுளுக்கு என்று தைலம் எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஏழு வாரம் சாவியைத் திருப்ப முடியவில்லை, பல் விளக்கும்போது டம்ளர் நழுவுகிறது. திரும்பப் போய் "கோல்ஃப் ஆடும்போது ஆச்சு டாக்டர்" என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். "கோல்ஃபா? நீங்களா?" என்று சிரித்தார். அப்புறம் சிடி ஸ்கேனில் கொக்கி தனியாக நின்றது.

"நீங்களா?" அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு எழுதுகிறேனோ என்னவோ.

ஏனென்றால் நான் பணக்காரன் இல்லை. கோல்ஃப் எனக்கு வந்தது அப்பா வழியாக. எங்கப்பா நீலகிரியில் ஒரு கிளப்பில் கேடி. அதாவது ஆடுகிறவர்களின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவர். பள்ளிக்கூடத்தில் "அப்பா என்ன வேலை?" என்று வாத்தியார் கேட்டபோது "கேடி சார்" என்று எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. "எந்த ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டியிருக்காங்க?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். வாத்தியாரும் சிரித்தார். நேற்றைக்குக் கமெண்டில் வந்த எமோஜிகளை ஏன் எண்ணினேன் என்று இப்போது புரிகிறதா?

26 வருடம் சுமந்தார். பெரிய பை நிறைய மட்டைகளோடு 15, 20 கிலோ வரும். ஆள் பற்றாத நாளில் ரெண்டு பை, தோளுக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் இடது தோள். டிசம்பரில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது ஒரு வர்க்கியும் டீயும் வயிற்றில் போட்டுக்கொண்டு கிளம்புவார். மலை மைதானம், ஏறினால் இறங்க வேண்டும், இறங்கினால் ஏற வேண்டும். சரிவில் இறங்கும்போது பையின் கனம் முழுக்க முழங்காலுக்கு வரும். ஆடுகிறவருக்கு முதுகு பிடித்தால் "சார் இன்னைக்கு ரெஸ்ட்". கேடிக்கு முதுகு பிடித்தால் அன்றைக்கு அடுப்பு எரிவது சந்தேகம். 90-களில் ஒரு ரவுண்டுக்கு 40 ரூபாய், வந்தால்தான் அதுவும். தையல்காரர் அப்பாவுக்குச் சட்டை அளவெடுக்கும்போது ரெண்டு தோளையும் தனித்தனியாக அளப்பார், இடது பக்கம் ஒரு இஞ்ச் இறக்கம். எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான் அளப்பார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மைதானம் கேடிகளுக்கு. மெம்பர்கள் தூக்கிப் போட்ட மட்டைகள், பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது. அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன். பெங்களூரில் கேடியாக இருந்து வளர்ந்த முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் ஜெயித்தபோது அப்பா தெருவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கு டீ என்று ஒருவருக்கும் புரியவில்லை.

"அப்படின்னா உங்கப்பா உடம்பை அழிச்ச விளையாட்டுக்கா வக்காலத்து வாங்குறீங்க?" என்று இந்நேரம் ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பார். தெரியும். நல்ல கேள்வி மாதிரிதான் இருக்கும். பதில் சொல்லத் தெரிந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். பணக்காரன் வாக்கிங் என்று நீங்கள் எழுதும்போது அந்தப் படத்தில் பின்னால் ஒருவர் பையோடு நடந்துகொண்டிருந்தார். அவரையும் சேர்த்துத்தான் துடைத்துவிட்டீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

நேற்று வீடியோ காலில் தங்கச்சி அப்பாவுக்கு அந்த ரீலைப் போட்டுக் காட்டினாள். எனக்குப் பக்கென்று இருந்தது. 71 வயது, மனசு கஷ்டப்படும் என்று பயந்தேன். அவர் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். கண்ணில் தண்ணி வர சிரித்தார். அப்புறம் சீரியஸாக, "எல்லாம் சரிடா, மட்டை மேல போறப்ப இடது கை மடங்குது பாரு. மடங்கக் கூடாது. இப்படி நேரா..." என்று காட்ட எழுந்தார். இடது கை மார்பு வரைதான் வந்தது. வலது கையால் அதைப் பிடித்துத் தூக்கி, தோளுக்கு மேலே கொண்டுபோய், "இப்படி" என்றார்.