பேட்டரி மாற்றினால் கஞ்சனா?

என் காருக்கு நானே பேட்டரி மாற்றுவதை ஞாயிற்றுக்கிழமை படம் போட்டிருந்தேன். அந்தப் படத்தையும் அதன் கீழே வந்த கருத்தையும் பார்த்திருப்பீர்கள். "கார் வாங்கக் காசு இருக்கு, பேட்டரி மாற்ற ஆள் கூப்பிடக் காசில்லையா?" அதற்கு 47 சிரிப்பு முகங்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அது இருபது நிமிட வேலை, அண்ணே. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் என் காருக்குப் போதும். பேட்டரியின் நெகடிவ் முனை வயரை முதலில் கழற்ற வேண்டும், பாசிட்டிவ் வயரை அப்புறம். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகடிவ் கடைசியில். காரின் பாடி முழுக்க நெகடிவோடு சேர்ந்தது. நெகடிவைக் கழற்றாமல் பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் பொறி பறக்கும். இந்த வரிசையை நினைவில் வைக்க எந்தப் பட்டமும் வேண்டாம்.

ஷாக் அடிக்கும் என்கிறார் ஒருவர். 12 வோல்ட் காய்ந்த கையை ஒன்றும் செய்யாது. மோதிரம்தான் ஆபத்து, பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே பட்டால் விரல் வெந்துவிடும். படத்தில் என் விரலில் மோதிரம் இல்லை. அடகு வைத்துவிட்டேனா என்று கேட்காமல் விட்டீர்களே, நன்றி.

புதுக் கார்களில் முடியாதாம். சரி, சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் கார்களுக்கு வேறு வகை பேட்டரி. சில ஐரோப்பியக் கார்களில் பேட்டரி மாறியதைக் கம்ப்யூட்டரிலும் பதிய வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். என்னுடையது சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமம், முடிய ஒரு வருடமே இருக்கும் ஜப்பான் கார். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடவில்லை. உள்ளே ஈயமும் அமிலமும் இருப்பது எனக்கும் தெரியும். கடைக்கே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது.

ஆனால் "மெக்கானிக் பிழைப்பில் மண் போடுகிறாய்" என்றதைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் காலை ஆறரைக்கு, மகளுக்குப் பரீட்சை நாள், எங்கள் புளோக் கார் பார்க்கில் கார் கிளம்பவில்லை. பேட்டரி மாற்றப் போனில் 180 வெள்ளி என்ற மெக்கானிக், பானெட்டைத் திறந்ததும் டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைக் காட்டி 260 என்றார். கொடுத்தேன். மறுவாரம் அப்பா வந்து, வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் மிச்சப் பொடியைத் தேய்த்துக் கழுவினார். "இந்த ஊர் வெயிலுக்கு ரெண்டு மூணு வருஷந்தாண்டா தாங்கும், அடுத்த தடவை நீயே மாத்து" என்றார். அடுத்த தடவைக்கு அவர் இல்லை.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். சின்ன வயதில் பள்ளி வாசலுக்கு வராதீர்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தக் கைகள் சம்பாதித்ததில் படித்துவிட்டு, இன்று ஸ்பேனர் பிடித்தவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். மிச்சம் பிடித்தது எழுபது எண்பது வெள்ளி. அதற்காகச் செய்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் என்ன குற்றம்?

அண்ணே, பெயர் சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு, தேக்காவில் பின்சீட்டில் அண்ணி முறுக்குப் பையோடு உட்கார்ந்திருக்க, ஒரு கார் டிக் டிக் என்றதோடு நின்றுவிட்டது. ஈசூனிலிருந்து வந்து என் கார் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டது இதே கஞ்சன்தான். அந்த கேபிள் இன்னும் உங்கள் காரில்தான் இருக்கிறது. இந்த வாரம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.