'படு' என்றால் படுக்கலாம், 'தூங்கு' என்றால்?

எங்கள் வீட்டில் போன வருடம் முழுக்க இரவு 9:30 மணிக்குத் தவறாமல் ஒரு சண்டை நடந்தது. மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. "போய்ப் படு" என்பேன். போய்ப் படுத்துவிடுவாள். அதுவரை சரி. அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அப்புறம் தண்ணீர் குடிக்க ஒருமுறை எழுந்து வருவாள், பாத்ரூமுக்கு ஒருமுறை, நாளைக்குச் சார்ட் பேப்பர் கொண்டுபோக வேண்டும் என்று ஞாபகம் வந்து ஒருமுறை. (இரவு 10 மணிக்கு எந்தக் கடையில் சார்ட் பேப்பர் விற்கிறார்கள்?) ஒருவழியாகக் கண் அசரும்போது மணி 11 ஆகியிருக்கும். காலை 6 மணிக்கு எழுப்பினால் அழுகை. 7:10க்கு வேன் வந்து நிற்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். எழுந்து உட்கார்ந்து, "தூக்கம் வரலைப்பா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. படு என்று சொன்னால் படுக்கலாம். தூங்கு என்று சொன்னால் யாரால் தூங்க முடியும்?

யாரிடம் புலம்பினாலும் "மொபைலைப் பிடுங்கி வை" என்றார்கள். எங்கள் வீட்டில் மொபைல் பாதிக் காரணம்கூட இல்லை. ஒரு சாயங்காலத்தை அப்படியே சொல்கிறேன். 6:30 முதல் 8 வரை டியூஷன். வந்து ஹோம்வொர்க். ஹாலில் என் அம்மாவின் சீரியல்கள், ஒன்று முடிந்தால் அடுத்தது. நான் வேலை முடிந்து வர 9 ஆகும். நான் செருப்பைக் கழற்றிய பிறகுதான் தோசைக்கல் அடுப்பில் ஏறும். அப்பா வந்துவிட்டார் என்று அவள் பள்ளிக்கதை எல்லாம் சொல்ல, நான் அவளைச் சீண்ட, வீடு திருவிழா மாதிரி இருக்கும். அந்தத் திருவிழாவின் நடுவில் நின்றுகொண்டு "இன்னும் தூங்கலையா?" என்று கேட்ட ஆள் நான்தான்.

இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்ன கணக்கு. என் மகளுக்குக் கிடைத்தது 7. பின் தூங்கி முன் எழுவது அந்தக் காலத்தில் பத்தினிகளுக்குச் சொன்ன இலக்கணம். இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

இன்னொன்றும் படித்தேன். பருவ வயது நெருங்கும்போது உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரக்கும் நேரம் தாமதமாகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்காடன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து சொல்லிவருகிறார். ஆக, அவள் அடம்பிடிக்கவில்லை. அதோடு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில்தான் உடம்பு நன்றாக முழித்துக்கொண்டிருக்குமாம். 11க்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை 9:30க்குப் படுக்கப் போட்டால், அது முழுச் சுறுசுறுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து இருட்டில் அடைத்துவைக்கிறோம் என்று அர்த்தம். நாள்தோறும் இப்படி நடந்தால் பாயைப் பார்த்தாலே சண்டைதான் ஞாபகம் வரும்.

அதனால் தலைகீழாக ஆரம்பித்தோம். "இனிமேல் 10:45க்கு முன்னால் நீ படுக்கவே கூடாது" என்றேன். அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் 10:45க்குப் படுத்தவள் பத்து நிமிஷத்தில் தூங்கிப்போனாள். அப்படியே நாலைந்து நாள் விட்டு, கால் மணி முன்னால் கொண்டுவந்தோம். பிறகு இன்னொரு கால் மணி. இடையில் இரண்டு தடவை சறுக்கியது, ஒருமுறை உறவினர் கல்யாணத்தால், ஒருமுறை கிரிக்கெட்டால் (அது என் தப்பு). இரண்டு மாதத்தில் 9:40க்கு வந்து நிற்கிறோம். இரவே பையையும் யூனிஃபார்மையும் எடுத்துவைத்துவிடுவதால் காலையில் 6:20 வரை தூங்க முடிகிறது. 9 மணி நேரத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் குறைவுதான். ஆனால் அழுகை இல்லை.

இது நடக்க மற்றவர்கள் மாறவேண்டியிருந்தது. மகள் எனக்காகக் காத்திருக்காமல் 8 மணிக்கே சாப்பிட்டுவிடுகிறாள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. 8:30க்கு மேல் ட்யூப்லைட் கிடையாது, சின்ன மஞ்சள் பல்பு மட்டும். சாயங்கால வெளிச்சம் பெரியவர்களைவிட இந்த வயதுப் பிள்ளைகளின் மெலடோனினைத்தான் அதிகமாக அமுக்குகிறது. எல்லா மொபைலும் டிவி ஸ்டாண்டுக்குப் போகும், என்னுடையதும் சேர்த்து. என் அம்மா முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சீரியல் சத்தத்தைக் குறைத்துவைத்து, எழுத்தையும் முகத்தையும் பார்த்தே கதையைப் புரிந்துகொள்கிறார். காலையில் எழுந்ததும் மகள் மொட்டைமாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உள்கடிகாரம் முன்னுக்கு நகரும்.

பெரிய யுத்தம் டியூஷன்தான். வாரநாள் டியூஷனை நிறுத்தி, சனிக்கிழமைக்கு மாற்றினோம். "ரேங்க் இறங்கும்" என்றார்கள். மாமா ஒருவர், "நாங்கல்லாம் 12 மணி வரைக்கும் முழிச்சுப் படிக்கலையா மாப்ளே?" என்றார். படித்தார்கள்தான், பத்தாம் வகுப்பில், பரீட்சைக்கு முந்தைய மாதம். அதுவும் அவர்கள் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில், 9:30க்கு மணி. இங்கே ஊரெல்லாம் சுற்றிப் போகும் வேன் விடிந்ததும் வந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் நடுநிலைப் பள்ளிகள் காலை 8 மணிக்கு முன்பும், உயர்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன்பும் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு 2022 ஜூலை முதல் அமல்படுத்தியிருக்கிறார்கள். நம் பெற்றோர் கூட்டங்களில் ஃபீஸைப் பற்றிப் பேசுகிறோம், பாத்ரூமைப் பற்றிப் பேசுகிறோம். வேன் நேரத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. நானும் திறந்ததில்லை.

சளி சிரப் கொடுத்துத் தூங்கவைக்கிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பிள்ளை தினமும் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சுக்குத் திணறினாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இதில் எனக்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. விளக்கை அணைத்த பிறகு பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். அறிவுரை சொல்வதில்லை, பாடம் கேட்பதில்லை. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, இருட்டில் அவளாகவே சொன்னாள்: கூட உட்காரும் தோழி ஒரு மாதமாகப் பேசுவதில்லையாம், மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். 11 மணி வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளிச்சத்தில் முகம் பார்த்து இதைச் சொல்லியிருக்க மாட்டாள். நானும் "விடு, வேற ஃப்ரெண்ட் பிடிச்சுக்கோ" என்று முடித்திருப்பேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லத் தெரியாமல் "உம்" கொட்டினேன். தூங்கிவிட்டாள்.

இப்போது மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை. முன்பெல்லாம் 9:30 வரை தூங்குவாள், திங்கள் இரவு எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் ஞாயிறும் 7 மணிக்கு எழவேண்டும் என்று வைத்திருக்கிறேன். 8 வேண்டும் என்கிறாள். ஏழரை வரைக்கும் இறங்கி வந்திருக்கிறேன். பாட்டியைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.