வெயில் மேல் பழியைப் போடாதீர்கள்

“வண்டி பழசு சார், வெயில்ல நிக்குது, அப்படித்தான் ஆகும்.”

காரின் ரூஃப் லைனிங், அதாவது உள்கூரைத் துணி, தொங்குவதைக் கடைக்காரரிடம் காட்டினால் இந்தப் பதில். கதவின் உட்புறத்தை மூடும் டோர் பேடில் ரெக்சின் உரிந்து சுருண்டு கிடப்பதைக் காட்டினாலும் இந்தப் பதில்தான். ஏசி வென்ட்டைத் தொட்டால் விரலில் கறுப்பாகப் பிசுபிசுக்கிறதே என்று கேட்டால் அதற்கும் இதே. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இது சென்னை. மே மாதம் கத்திரி வெயில் கொளுத்தும் என்பது யாருக்குத் தெரியாது? 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. என் கார் அதற்கும் பிறகு வந்த மாடல். இந்த ஊரில் விற்கப்போகிற வண்டிக்கு இந்த ஊர் வெயிலைத் தாங்குகிற பசையும் ஃபோமும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. போடாதவர்களை விட்டுவிட்டு வெயிலைத் திட்டச் சொல்கிறார்கள்.

காருக்குள் எவ்வளவு சூடாகும் என்பதிலும் ரகசியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் உண்மையான கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி. ஸ்டீயரிங் 53. நிழலில் நின்ற கார்களிலேயே டேஷ்போர்டு 48 டிகிரிக்கு வந்துவிட்டது. இதெல்லாம் கார் செய்கிறவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கவே முடியாது.

சரி, கெட்டது கெட்டுவிட்டது. பழுது பார்க்கலாம் என்று போனால் அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ரூஃப் லைனிங் ஏன் தொங்குகிறது? நம் கண்ணுக்குத் தெரிகிற துணியின் முதுகில் ஒரு மெல்லிய பாலியூரித்தேன் ஃபோம் இருக்கிறது. அந்த ஃபோமைத்தான் மேலே உள்ள போர்டில் ஒட்டியிருப்பார்கள். தகரக் கூரையின் சூடும் கடலோரக் காற்றின் ஈரமும் வருடக்கணக்கில் சேர்ந்து அந்த ஃபோமை மாவாக உதிர்த்துவிடுகின்றன. துணி நன்றாக இருக்கும், போர்டும் நன்றாக இருக்கும், நடுவில் இருப்பது மட்டும் பொடியாகிப் போயிருக்கும். லைனிங்கை லேசாகத் தட்டினாலே மடியில் மஞ்சளாக உதிர்வது அதுதான். இந்த நிலையில் எந்தப் பசையை எங்கே தடவினாலும் அது பொடியைத்தான் பிடிக்கும். அடுத்த கோடைக்குள் மறுபடியும் தொங்கும்.

இது தெரிந்த கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? சன் வைசர், கைப்பிடி, உள் விளக்கு, ஜன்னலோரத் தூண்களை மூடும் பில்லர் பேனல், கதவோர ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கழற்றி, போர்டை மடக்காமல் வெளியே எடுத்து, பழைய ஃபோமைப் பிரஷ் போட்டு அட்டை தெரியும் வரை சுரண்ட வேண்டும். அப்புறம் ஃபோம் வைத்த புதுத் துணியை, சூடு தாங்கும் பசையை இரண்டு பக்கமும் அடித்து, சற்றுக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் நீவி ஒட்ட வேண்டும். ஒரு நாள் வேலை. நான் கூலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. முறையாகச் செய்யுங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். ஆனால் நடந்தது என்ன? ஊசி போட்டுத் துணிக்குள் சொல்யூஷனை ஏற்றுகிறேன் என்றார் ஒருவர். குண்டூசி குத்தினால் போதும் என்றார் இன்னொருவர். போர்டை எடுத்தே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்த கடையில், பழைய ஃபோமைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் துணியை ஒட்டிக் கொடுத்தார்கள். அடுத்து வந்த ஏப்ரலிலேயே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. போய்க் கேட்டதற்கு என்ன சொன்னார்கள்? வெயில்!

டேஷ்போர்டு விஷயம் இன்னும் மோசம். அதன் மேல் தோல் பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடுகிறது. முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் மாதிரி ஒரு மங்கல் படிகிறதே, அதில் பெரும்பங்கு இதுதான். மென்மை போனதும் தோல் இறுகி வெடிக்கிறது. அந்த வெடிப்பை மூட டேஷ்போர்டு முழுக்க ரெக்சின் இழுத்து ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள், பயணி பக்க ஏர்பேக் மூடியையும் சேர்த்து! கார் மோதிய கணத்தில் அந்த மூடி திறக்க வேண்டும். அதன் மேல் ரெக்சினை ஒட்டி இறுக்கினால் உள்ளே இருப்பது எப்படி ஒழுங்காக வெளியே வரும் என்று கேட்டேன். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்” என்றார் கடைக்காரர். என் மகள் உட்காரும் சீட் அது. அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏசி வென்ட்டிலும் பட்டன்களிலும் இருக்கும் பிசுபிசுப்புக்குக் கடையே வேண்டாம். மிருதுவாக இருக்கட்டும் என்று பூசிய மேல்பூச்சு சிதைந்து இளகியிருக்கிறது, அவ்வளவுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பொறுமையாகத் துடைத்தால் அந்தப் பூச்சு கழன்று வரும், அடியில் நல்ல கெட்டி பிளாஸ்டிக் இருக்கும். ஆனால் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் இதற்கு எனக்கு நீட்டப்பட்டது பளபளக்கும் பாலிஷ் பாட்டில். பிசுக்கின் மேல் எண்ணெய்!

சர்வீஸ் சென்டர் பக்கம் போனால் வேறு பாட்டு. ரெக்சின் மட்டும் உரிந்தாலும் முழு டோர் பேடாகத்தான் வருமாம். விலை கேட்டபின், அந்த மாடல் நின்றுவிட்டதால் அதுவும் வராதாம். பேடைக் கழற்றும்போது உடைகிற பிளாஸ்டிக் கிளிப் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது. சூட்டில் காய்ந்த கிளிப் கையை வைத்தாலே முறியும் என்று தெரிந்தும், அதைத் தனியாக விற்பதில்லை. கிளிப் இல்லாமல் மாட்டிய பேடு ஒவ்வொரு வேகத்தடையிலும் கடகடக்கிறது. பழைய வண்டிகளை உடைத்துப் பாகங்களை விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம் என்பார்கள். தேடினேன். அங்கே உடைக்க வருவதும் இதே வயது வண்டிகள், இதே வெயிலில் நின்றவை. அந்தப் பேடிலும் ரெக்சின் உரிந்துதான் இருக்கிறது, அந்தக் கிளிப்பும் முறிந்துதான் வருகிறது.

இத்தனைக்கும் இன்ஜினில் ஒரு குறை சொல்ல முடியாது. 15 வருடம் முடிந்ததும் தகுதிச் சோதனைக்கு (எஃப்சி) காட்டி, பதிவுச் சான்றை (ஆர்சி) புதுப்பித்து, பசுமை வரியும் கட்டினேன். புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது. சாலையில் ஓட இந்த வண்டிக்குத் தகுதி உண்டு என்று அரசே முத்திரை குத்துகிறது. அதில் உட்கார்ந்து போகிறவனின் தலையில் துணி விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

“பேசாம வித்துட்டுப் புதுசு வாங்குங்க” என்று அறிவுரை சொல்பவர்களே, ஓடுகிற ஒரு வண்டியை ஒரு கைப்பிடியளவு கிளிப்புகளுக்காகவும் சில மீட்டர் துணிக்காகவும் நான் ஏன் விற்க வேண்டும்? கிளிப்பைத் தனியாக விற்கட்டும். பசை டப்பாவில் அது எத்தனை டிகிரி தாங்கும் என்பதைக் கடைக்காரர் படித்துவிட்டு வாங்கட்டும். பழைய ஃபோமைச் சுரண்டாமல் துணி ஒட்டுகிறவர் இனிமேல் என் வண்டிக் கதவைத் திறக்க வேண்டாம்.