விளம்பரத்துக்குப் போன கார் என்றால் சேறு வழிவிட்டுவிடுமா?

நெடும்பயணம் போகிறவர்களின் காணொளி எதைப் பகிர்ந்தாலும் யாராவது ஒருவர் வந்து, "எல்லாம் ஸ்பான்சர் சார், கம்பெனி காசு" என்று ஒரே வரியில் ஊதித் தள்ளிவிட்டுப் போகிறார். காசு யார் கொடுத்தது என்று தெரிந்துவிட்டால் போதும், போனவர் பட்ட பாடெல்லாம் நாடகம் ஆகிவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடில்லை. ஏன் இல்லை என்று சொல்வதற்கு 1909க்குப் போக வேண்டும். பக்கங்கள் திறந்து கிடக்க, மேலே மடக்குத் துணிக்கூரை மட்டும் போட்ட ஒரு மேக்ஸ்வெல் காரில் நான்கு பெண்கள் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார்கள். சுமார் 3,800 மைல், அதாவது ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஓட்டியவர் ஆலிஸ் ராம்சே. வயது 22. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை கார் ஓட்டிய முதல் பெண்.

கம்பெனி காசு என்று சொல்பவர்களுக்கு வேலை மிச்சம் பண்ணிவிடுகிறேன். ஆமாம், அது அப்பட்டமான விளம்பரம். மேக்ஸ்வெல்-பிரிஸ்கோ நிறுவனத்தின் விற்பனைத் தலைவர் கெல்சி இப்படிப்பட்ட வித்தைகளுக்குப் பேர் போனவர். படிக்கட்டில் காரை ஏற்றிக் காட்டிய ஆள். பெண்களே ஓட்டிவிடலாம் என்று காட்டிவிட்டால் ஆண்களும் துணிந்து வாங்குவார்கள் என்பது கணக்கு. லாங் ஐலண்டில் மோன்டாக் வரை போய் வரும் ஒரு கார் போட்டியில் ஆலிஸின் கைத்திறனைப் பார்த்துவிட்டு இந்தத் திட்டத்தை அவரிடம் கொண்டுவந்தார்கள். கார் கம்பெனியுடையது. டயர், உதிரிபாகம், செலவு எல்லாமே கம்பெனி கணக்கு. போதாக்குறைக்கு, பாஸ்டன் ஹெரால்டு பத்திரிகையின் மோட்டார் பகுதி ஆசிரியர் ஜான் மர்ஃபி ரயிலில் முன்னால் போய், அந்தந்த ஊரில் செய்தியாளர்களைத் திரட்டி வைப்பார்.

ஆலிஸ் வசதியான வீட்டுப் பெண்ணும்கூட. நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் ஊர். கணவர் வழக்கறிஞர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு நாள் எதிரில் வந்த காரைக் கண்டு ஆலிஸின் குதிரை மிரண்டு ஓட, இனிக் குதிரையே வேண்டாம் என்று கணவர் 1908இல் ஒரு சின்ன மேக்ஸ்வெல் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோடையிலேயே ஆலிஸ் ஆறாயிரம் மைல் ஓட்டித் தீர்த்துவிட்டார். வாங்கிக் கொடுத்தவர் மட்டும் கடைசிவரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. இந்தப் பயணத்தின்போது வீட்டில் சின்னப் பையன் இருந்தான். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. இதெல்லாம் இல்லாத வீட்டில் இந்தக் கதை நடந்திருக்காது. சரி, இதையும் கணக்கில் வைத்துக்கொள்வோம்.

விளம்பரப் பயணங்களைச் சந்தேகப்படுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதே 1909 ஜூன் மாதம் 1ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து சியாட்டிலுக்கு ஒரு கார் பந்தயம் கிளம்பியது. அங்கே நடந்த பெரிய கண்காட்சியை ஒட்டிய பந்தயம். ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி முதலில் வந்து சேர்ந்தது. ஃபோர்டும் அதை நாடு முழுக்கச் சொல்லி விற்றது. சில மாதம் கழித்து, வழியில் எஞ்சினையே மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியவந்து, பரிசு அடுத்து வந்த ஷாமட் காருக்குப் போனது. அதற்குள் விளம்பரம் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. ஆக, சந்தேகப்பட இடம் இருக்கிறது. ஆனால் சந்தேகப்படுகிறவர் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும், பில்லை யார் கட்டினார் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

ஜூன் 9, நியூயார்க் பிராட்வேயில் மேக்ஸ்வெல் காட்சியகத்தின் வாசல். நல்ல மழை. நான்கு பேரும் ரப்பர் மழையங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஆலிஸ் கீழே இறங்கிக் கைப்பிடியைச் சுழற்றிக் காரைக் கிளப்புகிறார். நான்கு சிலிண்டர், 30 குதிரைத்திறன். கூட வந்தவர்கள் கணவரின் அக்காமார் இருவரும் ஹெர்மின் என்ற இளம் தோழியும். மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. நாத்தனார்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஒரே காரில் போனதுதான் உண்மையான சாதனை என்று என் மனைவி சொல்கிறார். நான் அதற்குள் போகவில்லை.

மழையில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே முகத்தைத் திறந்து வைக்க முடியாது. மேலே துணிக்கூரை இருந்தாலும் பக்கவாட்டில் அடிக்கும் சாரலுக்கு அது ஒன்றும் செய்யாது. அன்றைய டயர்களில் இன்றுபோல வெட்டுப்பள்ளம் கிடையாது, வழவழவென்று இருக்கும். ஈரத்தில் பிடிமானத்துக்குச் சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலி கட்ட வேண்டும். அதைக் கட்டுவதற்குச் சேற்றில்தான் மண்டியிட வேண்டும். பயணம் முழுக்க 11 முறை டயர் மாற்றினார்கள் என்கிறது பதிவு.

சிகாகோ வரைக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிளீவ்லாந்து பக்கம் நல்ல சாலையில் மணிக்கு 42 மைல் போனார், அதுதான் மொத்தப் பயணத்திலும் உச்சம். எனக்குப் பிடித்த இடம் வேறு. அன்று சாலை வரைபடம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 'புளூ புக்' என்று ஒரு வழிகாட்டி இருந்தது. இந்த வீட்டருகே இடது பக்கம் திரும்பு, அந்தக் களஞ்சியத்தருகே வலது பக்கம் திரும்பு என்று போகும். அதில் சொன்ன மஞ்சள் வீட்டைத் தேடிப் போனால் வீட்டைக் காணோம். விசாரித்தால், வீட்டுக்காரருக்குக் கார்களே ஆகாதாம். மோட்டார்க்காரர்கள் வழி தவறட்டும் என்றே பச்சை வண்ணம் பூசிவிட்டாராம். இந்த மனுஷருக்கு எந்தக் கம்பெனி காசு கொடுத்துச் சமாளிப்பது?

அப்புறம் அயோவா. அங்கேதான் 'கம்போ' என்று அவர்கள் சொல்லும் கறுப்புக் களிமண். நம் கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் வண்டி ஓட்டியவருக்கு அதிகம் விளக்க வேண்டாம்: சக்கரத்தில் மண் ஏறி, ஏறிய மண்ணோடு இன்னும் மண் ஒட்டி, கடைசியில் சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகராது. 1904இல் அமெரிக்க அரசு எடுத்த கணக்குப்படி, நகரங்களுக்கு வெளியே இருந்த சுமார் 21 லட்சம் மைல் சாலையில் ஏதோ ஒரு வகையில் மேம்படுத்தப்பட்டது ஏறத்தாழ 7 சதவீதம்தான். மீதியெல்லாம் வெறும் மண். ஆலிஸ் போன 3,800 மைலில் உறுதியான தளம் போட்டது சுமார் 150 மைல். அந்த வருஷம் அயோவாவில் விடாத மழை வேறு.

மாநிலத்தின் குறுக்கே 360 மைல். அதைக் கடக்க 13 நாள் ஆயிற்று. நாளொன்றுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர்கூட வரவில்லை. முதல் கியரிலேயே மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனதில் எஞ்சின் சூடேறி ரேடியேட்டர் கொதிக்கும். தண்ணீர் மொண்டு வரப் பாத்திரம் இல்லை. நாத்தனார்கள் இருவரும் தங்கள் ஒப்பனைப் பெட்டியைத் திறந்து, பல் துலக்கும் பிரஷ் வைக்கும் கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு சாலையோர வாய்க்காலுக்கும் காருக்கும் நடையாய் நடந்திருக்கிறார்கள். ஒரு குப்பியில் எவ்வளவு பிடிக்கும்? நிரப்பி முடிக்க எத்தனை நடை? ஓரிடத்தில் ஓடை பெருகி வழியை மூடிவிட்டது. அன்றிரவு கரையிலேயே, காருக்குள்ளேயே உட்கார்ந்தபடி தூக்கம். வெள்ளம் வடிந்த பிறகுதான் கிளம்பினார்கள். ஆழப் புதைந்த இடங்களில் விவசாயிகள் குதிரை பூட்டி இழுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் வாதமே இருக்கிறது. கம்பெனியால் பணத்தைக் கொண்டு டயர் அனுப்ப முடியும், உதிரிபாகம் அனுப்ப முடியும், அடுத்த ஊரில் வரவேற்புக்கு ஆள் நிறுத்த முடியும். ஓடைத் தண்ணீரை வடிய வைக்க முடியாது. மர்ஃபி ரயிலில் வசதியாக முன்னால் போய்விட்டார்; அன்றைக்கே ரயிலில் ஏறினால் நாலைந்து நாளில் கண்டத்தைக் கடந்துவிடலாம். அந்த வசதி பக்கத்திலேயே தண்டவாளமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, சேற்றில் இறங்கிச் சங்கிலி கட்டும் கை யாருடையது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க எதிர் உதாரணமும் இருக்கிறது. 1903இல் முதன்முதலாகக் காரில் அமெரிக்காவைக் கடந்தவர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர். 50 டாலர் பந்தயத்துக்காகச் சொந்தக் காசில் வின்டன் கார் வாங்கிப் போனார். கூரையே இல்லாத கார். வழியில் ஒரு நாயை வாங்கி, அதற்கும் தூசிக்கண்ணாடி மாட்டிக் கூடவே உட்கார வைத்துக்கொண்டார். 63 நாளில் நியூயார்க் சேர்ந்தார். எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லை, சுத்தமான பயணம். ஆனால் பக்கத்து இருக்கையில் க்ராக்கர் என்ற மெக்கானிக் இருந்தார். பழுது பார்ப்பது அவர் வேலை. ஆலிஸ் கம்பெனி காசில் போனவர். ஆனால் நடுக்காட்டில் கார் நின்றால் அடியில் படுத்துப் பார்ப்பவரும் அவரேதான். நகரங்களில் மேக்ஸ்வெல் முகவர்கள் உதவினார்கள், அது உண்மை. இரண்டு நகரங்களுக்கு நடுவே முகவர் கிடையாது. ஜாக்சனை நான் குறைத்துப் பேசவில்லை, நாய்க்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். காசு யாருடையது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஜாக்சன் வீரர், ஆலிஸ் விளம்பர நடிகை என்று விடை வரும். அந்த அளவுகோலில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே புளூ புக்கும் கைவிட்டுவிட்டது. பாதை பிரிகிற இடத்தில் எந்தத் தந்திக் கம்பத்தில் கம்பி அதிகமோ, அந்தப் பக்கம் பெரிய ஊர் இருக்கும் என்று பார்த்துத் திரும்பினார்கள். நல்ல யுக்தி, இன்றைக்கு சிக்னல் கோடுகளைப் பார்த்துப் போகிறவர்களுக்கும் புரியும். வயோமிங்கில் பிளாட் ஆற்றின் பாலம் வெள்ளத்தில் போய்விட்டிருந்தது. ரயில்வேயிடம் அனுமதி வாங்கி, ரயில் பாலத்தின் கட்டைகள் மேலேயே தடதடவென்று காரை ஓட்டி அக்கரை சேர்ந்தார் ஆலிஸ். யூட்டாவில் சக்கரம் பிரெய்ரி நாய் என்று பெயர் கொண்ட அணில் வகைப் பிராணியின் பொந்தில் விழுந்து, முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் போல்ட் கழன்றுகொண்டது. நெவாடாவில் குதிரை மேல் வில்லம்போடு பூர்வகுடியினர் பாய்ந்து வர, நால்வருக்கும் உயிர் போய் வந்தது. வந்தவர்கள் துரத்தியது முயலை. இவர்களை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, 59ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில் கார்கள் ஹாரன் அடித்து வரவேற்றன. கம்பெனிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு, ஆலிஸைப் புகழ்கிறவர்கள் மேல். "தன்னந்தனியாகச் சாதித்த பெண்" என்று எழுதுகிறார்கள். தன்னந்தனியாக எங்கே? குப்பியில் தண்ணீர் சுமந்த நாத்தனார்களை எங்கே வைப்பது? குதிரை கொண்டுவந்த அயோவா விவசாயியை? ஸ்பான்சர் என்ற சொல்லைக் கேட்டதும் ஒதுக்குகிறவரும் சரி, சாதனைப் பெண் என்ற சொல்லைக் கேட்டதும் உருகுகிறவரும் சரி, இருவருமே அந்த 13 நாளைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். வண்டி நகராத நாட்களில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைய பயணக் காணொளிகளிலும் நான் தேடுவது அதைத்தான்: மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஒரே லாட்ஜில் கிடந்தார்களா, அதைக் காட்டுகிறார்களா, இல்லை வெட்டிவிட்டு நேராக மலையுச்சிக்குப் போய்விடுகிறார்களா? வெட்டினால் சொந்தக் காசில் போனாலும் அது விளம்பரம்தான். காட்டினால் எவன் காசாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நூறாண்டு நிறைவில், 2009இல், அதே 1909 மாடல் மேக்ஸ்வெல்லை ஒரு பெண் மறுபடி கரைக்குக் கரை ஓட்டினார். அயோவாவில் இப்போது தார்ச்சாலையும் கான்கிரீட்டும். 13 நாள் இனி யாருக்கும் கிடைக்காது.

மேக்ஸ்வெல் நிறுவனம் 1920களில் க்ரைஸ்லர் கார் கம்பெனிக்குள் கரைந்து காணாமல் போயிற்று. ஆலிஸ் 1983 வரை இருந்தார். 1909க்குப் பிறகு அவர் மறுபடி மறுபடி அதே கண்டத்தைக் காரில் கடந்திருக்கிறார், மொத்தம் 30 முறைக்கு மேல். அதற்கெல்லாம் மர்ஃபி முன்னால் ரயிலில் போகவில்லை.