வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும் ஒன்றல்ல

ஒருவர், “அமெரிக்காவில் 2008 பிஎம்டபிள்யூ எம்3 செடானும் 2011 ஃபோர்டு மஸ்டாங் ஜிடியும் இப்போது ஏறக்குறைய ஒரே விலை. எம்3-க்கும் ஆயில் மாற்றினால் போதும். மஸ்டாங் இன்றைக்கும் லாரி ஆக்சிலில்தான் ஓடுகிறது” என்கிறார். லாரி ஆக்சில் என்று அவர் சொல்வது, பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இறுகிய தண்டாக இணைக்கும் அமைப்பை. விலையைப் பற்றி நான் வாதாட வரவில்லை. மற்ற இரண்டும் தவறு.

அந்த எம்3-யின் 4.0 லிட்டர் வி8 (எஸ்65) 8,000 ஆர்பிஎம் தாண்டிச் சுழலும், கேட்கவே சுகம். ஆனால் அதன் கனெக்டிங் ராடு பேரிங் (பிஸ்டனின் தண்டு கிராங்க்ஷாஃப்டோடு சேரும் இடத்தில் உள்ள உராய்வுத் தாங்கி) சீக்கிரம் தேய்வது ஊரறிந்த விஷயம். சத்தம் கேட்டபின் கவனிக்கலாம் என்றிருந்தால், இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டும் போயிருக்கலாம். அதனால்தான் பலர் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். அதற்கு இன்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, முன் சப்ஃபிரேமை (இன்ஜினுக்கு அடியில் உள்ள சட்டத்தை) இறக்கி, ஆயில் பேனைக் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை) கழற்ற வேண்டும். பேரிங் விலையைவிடக் கூலிதான் கடிக்கும். இன்ஜினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஆக்சுவேட்டர் பழுதாவது தனிக் கதை. கார் விலை பாதிக்கும் கீழே இறங்கினாலும் உதிரிபாகத்தின் விலை கூடவே இறங்குவதில்லை.

ஜிடி ஒன்றும் உத்தமன் இல்லை; அதன் ஆறு கியர் மேனுவல் பெட்டி மேல் ஏகப்பட்ட புகார். ஆனாலும் அதன் 5.0 லிட்டர் இன்ஜினுக்குப் பாகம் தேடி அலைய வேண்டாம்.

ஆக்சில் விஷயம்: 2014 மாடல் வரை அவர் சொல்வது பெரும்பாலும் சரி. 2015 மாடலிலிருந்து எல்லா மஸ்டாங்குக்கும் பின்புறம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்தான், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். கோப்ரா என்ற சிறப்பு மஸ்டாங்கில் 1999-லேயே அது வந்துவிட்டது. 2011 ஜிடி வாங்குபவர் அதை எதிர்பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

எம்3-தான் வேண்டும் என்றால், பேரிங் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.