சத்தத்தைக் கேட்காமலேயே சாவு ஓலை எழுதாதீங்க

இன்ஜின்ல சத்தம் வருதுன்னு ஒரு பையன் போட்ட அந்த வீடியோவுக்குக் கீழ என்ன நடந்துச்சுன்னு நம்ம கார் குரூப்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். யார் பேரையும் நான் சொல்லப் போறதில்லை. ஆனா மனசு ஆறவே இல்லை, அதனால எழுதிடறேன்.

குரூப்ல இருக்கிற அந்தத் தம்பி, தன்னோட 1991 மஸ்தா எம்எக்ஸ்-5 (சின்ன ரெண்டு சீட் கார்) காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு அடிக்குதுன்னு போன்ல எடுத்துப் போட்டான். அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "இது என்னவா இருக்கும்ண்ணா?" பதில் எப்படி வந்துச்சு? "ராட் பேரிங் போச்சு." (பிஸ்டன் தண்டை கிராங்க்கோட சேர்க்கிற, இன்ஜினோட அடியில இருக்கிற பேரிங்.) "இன்ஜின் முடிஞ்சுது." "முப்பது வருஷத்து வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே, ஸ்கிராப்புக்குப் போடு." போதாக்குறைக்கு ஒரு கராஜ்காரரும் பானெட்டைத் தூக்கின கையோட வேற இன்ஜின்தான் வைக்கணும்னுட்டார். பையன் பயந்துபோய் கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டான். வாங்கினவர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின்ல இருந்து புகையை வெளியே கொண்டுபோற குழாய்) கேஸ்கெட்டையும், அதைப் பிடிச்சிருக்கிற, உடைஞ்சிருந்த ஸ்டட்டையும் மாத்தினார். சத்தம் நின்னுபோச்சு. வண்டி இப்ப ஜோரா ஓடுது, வேற ஒருத்தர் பேர்ல.

நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதான்: சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரியறதுக்கு முன்னாடி எந்த முடிவும் எடுக்காதீங்க. வயித்து வலின்னு வந்தவனைத் தொட்டுக்கூடப் பார்க்காம ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற டாக்டர்கிட்ட உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போவீங்களா?

நாமக்கல்ல எங்க சித்தப்பா லாரிப் பட்டறை வச்சிருந்தார். ஒரு நீள ஸ்க்ரூடிரைவர், மரப்பிடி, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போனது. அதோட முனையை ஓடுற இன்ஜின்ல வைப்பார், பிடியைக் காதுக்குப் பின்னாடி எலும்புல அழுத்திக்குவார். டைமிங் கவர்ல கொஞ்ச நேரம், வாட்டர் பம்ப்ல கொஞ்ச நேரம், ஒவ்வொரு இன்ஜெக்டர்லயும் கொஞ்ச நேரம். "ரேஸ் பண்றா... விடு... மறுபடி பண்ணு." நான் கேபின்ல உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பேன். அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும் பட்டறையில ஒருத்தரும் ஸ்பேனரைக் கையில எடுக்கக் கூடாது. டிரைவருங்க லோடு லேட்டாகுதுன்னு கத்துவாங்க. அவர் காதுல வாங்கிக்கவே மாட்டார். இரும்பு சத்தத்தைக் கடத்தும், முன்னாடி அடிக்கிறது பின்னாடி கேட்கும், அதனால ஒரே இடத்துல கேட்டு நம்பிடாதேன்னு அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இங்கிலாந்துக்கு வந்து, பழைய எம்எக்ஸ்-5 ஒண்ணு வாங்கி, நான் இன்னிக்கும் அதைத்தான் பண்றேன். ஸ்க்ரூடிரைவருக்குப் பதிலா மெக்கானிக் ஸ்டெதஸ்கோப், டாக்டரோடது மாதிரியே, ஆனா முனையில ஒரு கம்பி இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"வீடியோவுலயே தெளிவாக் கேட்டுச்சே" என்பவர்களுக்கு: போன் மைக் சின்னச் சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். இன்ஜினோட அடிவயித்துல இருந்து வர்ற கனமான ஓசை அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல வரவே வராது. ராட் அடிக்கிறதும் மேனிஃபோல்டு கசியறதும் அதுல ஒரே மாதிரிதான் கேட்கும்.

சரி, இந்த வண்டிக்கே வர்றேன். 1600 சிசி இன்ஜின். ஐட்லிங்ல நிமிஷத்துக்கு 850 சுத்து. வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் அதுல பாதி வேகத்துல சுத்தும், அதனால கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கிற ஒரு டப்பெட் அடிச்சா வினாடிக்கு ஏழு தடவை. ஒரு சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வாய்ல கசிவு இருந்தாலும் அதே ஏழு தடவைதான். ரெண்டும் குளிர்ந்த இன்ஜின்லதான் அதிகம், ரெண்டும் சூடேறினா அடங்கும். ஆயில் ஏறினதும் ஹைட்ராலிக் டப்பெட் அமைதியாகும். மேனிஃபோல்டு சூட்டுல விரிஞ்சு இடைவெளியைத் தானே மூடிக்கும். அதனாலதான் அனுபவசாலிகளே இதுல குழம்பிப் போவாங்க, அதை நான் மறுக்கலை. ஆனா பிரிச்சுப் பார்க்க வழி இருக்கே! ஸ்டெதஸ்கோப்போட கம்பியைக் கழட்டிட்டு வெறும் ரப்பர் குழாயை மேனிஃபோல்டு ஓரமா நகர்த்துங்க. கசியற இடத்துல காதுக்குள்ள ஊதும். அதை மூடியிருக்கிற ஹீட் ஷீல்டை (சூடு தடுக்கிற தகடு) எடுத்தா அங்கேயே கரி படிஞ்சிருக்கும். கறுப்பா, விசிறி மாதிரி. ஒருத்தரை விட்டு சைலன்சர் வாயைத் துணியால பாதி மறைக்கச் சொன்னா கசிவுச் சத்தம் இன்னும் கூடும். பெல்ட்டைக் கழட்டிட்டு சில வினாடி ஓட்டினா ஆல்டர்னேட்டரா, வாட்டர் பம்பான்னு தெரிஞ்சிடும், இந்த இன்ஜின்ல ரெண்டும் ஒரே பெல்ட்லதான் ஓடுது. இதுக்கெல்லாம் ஒரு சனிக்கிழமை காலை போதும்.

"நிஜமாவே ராட் பேரிங்கா இருந்து, ஓட்டி, இன்ஜின் உடைஞ்சா யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. சந்தேகம்னா வண்டியை நிறுத்துங்க, நானும் அதைத்தான் சொல்வேன். நிறுத்திட்டுக் கண்டுபிடிங்க. ஆயிலை இறக்கி, ஃபில்டரை அறுத்து, உலோகத் துகள் மினுங்குதான்னு பாருங்க. ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா பிடுங்கிப் பாருங்க, அடிக்கிற ராட் இருக்கிற சிலிண்டரை நிறுத்தினா சத்தம் குறையும். 1991 மாடல்ல ஆயில் பிரஷர் கேஜ் நிஜமாவே அழுத்தத்தைக் காட்டும். பின்னாடி வந்த மாடல்கள்லதான் அதை வெறும் சுவிட்ச்சா மாத்தினாங்க. அந்த முள் எங்கே நிக்குதுன்னு ஒருத்தராவது தம்பிகிட்ட கேட்டீங்களா?

"கராஜ்ல மணிக்கணக்குல கூலி, தேடிக்கிட்டு இருந்தா கட்டுப்படியாகாது"ன்னு சிலர். வேற இன்ஜின் மட்டும் கட்டுப்படியாகுமா?

"நீ என்ன மெக்கானிக்கா?"ன்னு ஒருத்தர் கேட்டார். இல்லை. தொழிலுக்கு நான் மெக்கானிக் இல்லை. ஆனா அந்தக் குரூப்ல "நான் வந்து கேட்டுப் பார்க்கறேன், அதுவரைக்கும் விக்காதே"ன்னு எழுதினது நான் ஒருத்தன்தான். அதுக்குச் சிரிப்பு பொம்மை போட்டீங்க. அது வலிக்குதுன்னு சொல்றதுல எனக்கு வெட்கம் இல்லை.

1989ல சிகாகோ கண்காட்சியில மஸ்தா இந்த வண்டியை வெளியிட்டப்போ, இப்படிப்பட்ட சின்ன ரெண்டு சீட் கார்களோட காலம் முடிஞ்சுதுன்னு நினைச்சவங்கதான் அதிகம். 2016ல பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்துச்சு. சைலன்சர்ல இருந்து வர்ற ஓசை எப்படி இருக்கணும்னு பொறியாளர்கள் கேட்டுக் கேட்டுச் செஞ்ச வண்டி இது. அப்படி ஒரு வண்டியைக் காது கொடுத்துக் கேட்க நமக்குப் பொறுமை இல்லை. அந்தப் பையன் முதல் சம்பளத்துல இருந்து சேர்த்து வாங்கினான். அவன்கிட்ட "பழசுன்னா அப்படித்தான்"னு சொல்லிட்டு எல்லாரும் போயிட்டீங்க. எது வந்தாலும் பழசுன்னு சொல்லித் தூக்கிப் போடறது எப்ப நம்ம பழக்கமாச்சு? எங்க ஊர்ல லாரியை அப்படி யாரும் போட்டதில்லை.

இனி யார் வண்டியிலயாவது புரியாத சத்தம் வந்தா, வீடியோ போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரியே வண்டியைக் கொண்டுவந்து எங்க வீட்டு வாசல்ல நிறுத்திட்டு, சாவியைக் கொடுத்துட்டுப் போங்க. காலையில நீங்க வர்ற வரைக்கும் நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன். முழுசாக் குளிர்ந்த இன்ஜினோட முதல் நிமிஷத்தைத்தான் கேட்கணும்.