ஃபாஸ்டாக் ஸ்டிக்கர் சிக்னலை இழுக்காது

"வண்டி 80ஐத் தாண்டினால் ஃபாஸ்டாக் ஸ்டிக்கர் செல்போன் சிக்னலை இழுத்துக்கொள்ளும். திருச்சி–தஞ்சாவூர் ரோட்டில் வீடியோ கால் அறுந்துபோவது அதனால்தான். உரித்து எடுத்துவிடுங்கள்!" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரியே கிடையாது. டோல்கேட்டில் ரீடரின் அலை பட்டால்தான் தன் எண்ணைச் சொல்லும். மற்ற நேரம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். வேகமும் காரணமில்லை. 4ஜி, மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. மொபைல் நெட்வொர்க்குகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ஆவணங்களில் பார்க்கலாம். நம்ம ஊர் பஸ் எந்த மூலைக்கு!

அதே ரோட்டில் செங்கிப்பட்டி பக்கம் வீடியோ காலில் படம் உறைந்து வட்டம் சுற்றுகிறதா? 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 கிலோமீட்டரை ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். அதற்குள் போன் ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். டவர்கள் தள்ளித் தள்ளி இருந்தால், அல்லது அடுத்த டவரில் நெரிசல் என்றால், கால் திணறும். உங்கள் நெட்வொர்க் இணையதளத்தில் உள்ள கவரேஜ் மேப்பில் வழியைச் சரிபாருங்கள்.

ஸ்டிக்கரை உரித்து, டோல்கேட்டில் கையில் பிடித்துக் காட்டினால் அந்த டேக் முடக்கப்படலாம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. இந்தச் செய்தி வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். குரூப்பில் போட்டவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.